பயில்வான் லேகியமும் நான் உடைத்த முத்திரையும்

மருந்து ஆய்வாளராகப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். கையில் சட்டப் புத்தகம் இருக்கிறது, பையில் அரக்கும் முத்திரையும் இருக்கின்றன, மருந்துக் கடைக்குள் நுழைந்தால் முதலாளியே எழுந்து நின்று நாற்காலி போடுகிறார். முதல் ஆறு மாதம் இது நன்றாகத்தான் இருக்கும். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன்தான். யாராவது எழுந்து நிற்காவிட்டால் அந்தக் கடையில் பத்து நிமிஷம் அதிகமாகச் சோதனை போட்டதுகூட உண்டு. அந்தக் கிறுக்கெல்லாம் தானாகவே தெளியும், கவலைப்படாதீர்கள்.

மாதிரி எடுப்பது எப்படி, பறிமுதல் மகஜர் எழுதுவது எப்படி என்பதை உங்கள் ஆபீசில் சொல்லித் தருவார்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் ஜெயித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஜெயித்ததில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வழக்கின் நடுவில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் சாகக் கிடந்தார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோனது லேகியம் செய்தவர் மட்டும் இல்லை, நானும்தான். அதையும் மறைக்க மாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டை அப்போது தனி ஜில்லா இல்லை. சமஸ்தானம் போய், திருச்சியோடு சேர்ந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மருந்து ஆய்வாளரான எனக்கு டவுனில் ஓர் அறை, ஒரு மேஜை, பூட்டு மட்டும் புதிதாக இருந்த ஒரு பழைய இரும்பு பீரோ. கோட்டைப்பட்டினம் கடற்கரையில் தொடங்கி அங்கிட்டு ஆவூர் வரைக்கும் என் எல்லை. ஜீப்பெல்லாம் கிடையாது. பஸ்ஸில்தான் போவேன், பஸ்ஸில்தான் வருவேன்.

ஒருநாள் காலையில் இலுப்பூரில் இறங்கி டீக்கடைக்குப் போனேன். நான் வந்த பஸ்ஸின் கண்டக்டரும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே கடலை மண்டி வைத்திருப்பவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மளிகைக் கடையில் ஓர் அம்மா குடையும் கையுமாக நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே மூவரையும் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். மூன்று பேருக்கும் ஒரே முகம். கன்னம் இரண்டும் பூரி போல உப்பி, அதில் ஒரு சிவப்பு. கண் உள்ளே போய், கழுத்து இருக்கிற இடமே தெரியவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்க மூணு பேரும் அண்ணன், தம்பி, தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டேன்.

கண்டக்டர் சிரித்து டீயைச் சிந்தினார். "நல்லா கேட்டீங்க சார். நான் கீரனூர்ப் பக்கம். மண்டிக்காரரு இந்த ஊரு. டீச்சரம்மா ஆவூர்க்காரங்க, இங்கிட்டு ஸ்கூல்ல வேல பாக்குறாங்க. எப்புடி சொந்தமாவோம்?"

மண்டிக்காரர் பேப்பரை மடித்தார். "சொந்தமில்ல சார், ஒரே டப்பா. அதான் ஒரே மாதிரி பூசினாப்புல இருக்கோம்."

டப்பா என்று அவர் சொன்னது பயில்வான் லேகியத்தை. தகர டப்பாவின் மேல் மார்பை விரித்து நிற்கும் ஒரு பயில்வான் படம் இருக்கும். மளிகைக் கடையில் வெல்லத்துக்கும் புளிக்கும் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த டீச்சர் வாங்கிக்கொண்டிருந்ததும் அதைத்தான். ஆரோக்கியமேரி என்று பெயர் சொன்னார். முப்பது வயது இருக்கும். நான் யார் என்று தெரியாததால் கூச்சமில்லாமல் பேசினார்.

"எனக்குச் சின்னதுலேர்ந்தே இழுப்பு சார். சாக்பீஸ் தூசி பட்டாப் போதும், மூச்சு வாங்கும். பிள்ளைங்க எனக்கு வச்ச பேரே ஈர்க்குச்சி டீச்சர். எட்டு மாசமா இதக் காலையில ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன் சாப்புடுறேன். இழுப்பு போன எடம் தெரியல. இப்ப ப்ரேயர்ல நான்தான் பாட்டு. எங்க ஊருக் கோயில்ல பாக்குறவங்கல்லாம் 'பூசினாப்புல இருக்கே மேரி'ங்கிறாங்க."

எங்கள் பக்கத்தில் 'பூசினாப்புல' என்றால் உடம்பில் சதை பிடித்து, முகம் தெளிந்து, ஆள் நன்றாக இருக்கிறார் என்று பொருள். ஒருவரைப் பார்த்து இதைவிட நல்ல வார்த்தை சொல்ல முடியாது. கல்யாணப் பெண்ணுக்குச் சொல்வார்கள், பிள்ளை பெற்று எழுந்தவளுக்குச் சொல்வார்கள். அந்த வார்த்தை கிடைத்தவர் எதற்காகப் புகார் கொடுக்கப் போகிறார்? இங்கேதான் உங்களுக்கு முதல் விஷயம். புகார் வந்தால் போகலாம் என்று ஆபீசில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஊரே புகழ்கிற சரக்கைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நானும் ஒரு டப்பா வாங்கினேன். உள்ளே ஒரு நோட்டீஸ். 'இது மருந்தல்ல, தேகத்துக்குச் சத்து. பத்தியம் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் என்னை உறுத்தியது. நாட்டு வைத்தியர் யாராவது பத்தியம் சொல்லாமல் மருந்து கொடுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? புளியைத் தள்ளு, கத்தரிக்காயைத் தொடாதே, நாற்பது நாள் நல்லெண்ணெயில் தலை முழுகாதே என்று சொல்லித்தான் டப்பாவைத் திறப்பார்கள். இதுவோ பத்தியமே இல்லாமல், சின்ன வயதிலிருந்து இருக்கிற இழுப்பைப் போன இடம் தெரியாமல் நிறுத்துகிறது. சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் இந்த வேலையைச் செய்யாது.

லேகியக்காரரின் வீடு டவுனில்தான் இருந்தது. முன்பு எங்கோ கம்பவுண்டராக இருந்தவர். ரொம்பத் தன்மையான மனிதர். நான் போனதும் நன்னாரி போட்ட மோர் கொடுத்தார். பின்கட்டில் இரண்டு பெரிய செப்பு அண்டாவில் கருப்பட்டிப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. நான் மாதிரி எடுக்க வேண்டும் என்று சொன்னபோதும் அவர் முகம் மாறவில்லை.

"தாராளமா எடுத்துக்கங்க சார். ஆனா இது நாட்டுச் சரக்கு. ஒங்க சட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையே? ஊரே சந்தோசமா இருக்கு. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், கம்ப்ளெய்ண்ட் குடுத்தாங்களா, சொல்லுங்க?"

சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது பாதி சரி. அப்போது நாட்டு மருந்து எங்கள் சட்டத்துக்குள் வரவில்லை. உள்ளே இங்கிலீஷ் மாத்திரையைப் பொடி செய்து கலந்திருந்தால்தான் அது எங்கள் கைக்கு வரும். கலந்திருப்பதை நிரூபிக்க வேண்டியது என் பாடு. மோரைக் குடித்து முடித்து, மாதிரி எடுத்து, சீல் வைத்துச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

முடிவு வருவதற்குள் எனக்குப் பொறுமை இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டரம்மா இருந்தார். கண்டிப்பானவர். அவரிடம் போய், ஒரே முகத்தோடு மூன்று பேரைப் பார்த்தேன் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மெட்ராஸ்ல அந்த முகத்தப் பாத்திருக்கேன் இன்ஸ்பெக்டர். பிரட்னிசோலோன்னு ஒரு மாத்திரை, புதுசா வந்தது. இழுப்பு, மூட்டு வலி எல்லாத்துக்கும் கேக்கும். அளவு தெரியாம மாசக்கணக்கா சாப்பிட்டா மொகம் இப்படித்தான் ஊதும். அது சதை இல்ல. வெளியில ஊதுறப்ப உள்ள எலும்பு, ரத்தம், எல்லாம் கெட்டுக்கிட்டு இருக்கும்."

நான் கிளம்பும்போது மறுபடி கூப்பிட்டார். "ஒண்ணு சொல்றேன், மறக்காதீங்க. ரிப்போர்ட் வந்ததும் மொதல்ல எங்கிட்ட வாங்க. அப்பறம் ஒங்க ரெய்டைப் பண்ணிக்கங்க."

சரி என்றேன். செய்யவில்லை.

மறந்தேன் என்று சொன்னால் பொய். ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஒரு ஸ்பூன் லேகியத்தில் எவ்வளவு பிரட்னிசோலோன் என்பது வரைக்கும் எழுதியிருந்தார்கள். அதைக் கையில் வைத்திருந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் கண்ணால் பார்த்து, என் மூக்கால் மோப்பம் பிடித்த கேஸ். இதில் டாக்டருக்கு என்ன வேலை என்று தோன்றியது. நேராக ஆட்களைக் கூட்டிக்கொண்டு லேகியக்காரர் வீட்டுக்கும், அங்கிருந்து கடைகளுக்கும் போனேன். இருந்த டப்பா அத்தனையையும் எடுத்து மூட்டை கட்டி, அரக்கு வைத்து, என் பீரோவில் பூட்டினேன். லேகியக்காரர் வீட்டில் மாத்திரையின் காலிக் குப்பிகள் ஒரு கூடை நிறையக் கிடைத்தன.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் திங்கட்கிழமை இலுப்பூருக்குப் போய்த் தமுக்குப் போடச் சொன்னேன். தமுக்கடிப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த வாசகம் ஓர் எழுத்துப் பிசகாமல் எனக்குத் தெரியும்.

'இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், பயில்வான் லேகியத்தில் கேடான மருந்து கலந்திருப்பது சர்க்காரால் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அதைச் சாப்பிடுகிறவர்கள் உடனே நிறுத்திவிட வேண்டும். வீட்டில் இருப்பதைக் கீழே கொட்டிவிட வேண்டும்.'

'உடனே' என்ற வார்த்தையை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். கடைத்தெரு முழுக்க அவர் பின்னாலேயே நடந்தேன், மாப்பிள்ளை அழைப்பில் போகிறவன் போல. மண்டிக்காரர் கடை வாசலில் நின்று கேட்டார். கண்டக்டர் பஸ் படியில் நின்று கேட்டார். பள்ளிக்கூடத்து வாசலில் ஆரோக்கியமேரி டீச்சர் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு, முழுவதையும் கேட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது, டாக்டரம்மா உடனே கூப்பிடுகிறார் என்று. போனேன். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் ஆரோக்கியமேரி படுத்திருந்தார். அந்த உப்பிய கன்னம் அப்படியே இருந்தது, நிறம் மட்டும் சாம்பலாகியிருந்தது. கண் செருகியிருந்தது. கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய கணவர் சவரிமுத்து, மரவேலை செய்கிறவர், சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் நின்றார்.

"நாலு நாளாக் காச்சல் சார். வாந்தி. வெள்ளிக்கெழம எந்திரிக்கவே முடியல. இன்னிக்குக் காலையில பேச்சு இல்ல. ஒரு டாக்ஸியப் புடிச்சுக் கொண்டாந்தேன்," என்றார். தமுக்குப் போடச் சொன்னவன் நான்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கோபமில்லாமல் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருக்குக் கோபம் இருந்தது.

"வீட்டுக் கெணறு வச்சிருக்கறவன், குழாய்த் தண்ணி தெனமும் வருதுன்னு கயிறையும் வாளியையும் தூக்கிப் போட்டுட்டான். நீங்க குழாய மூடிட்டீங்க. அவன் எதக் குடிப்பான்? உடம்பும் அப்படித்தான் இன்ஸ்பெக்டர். அந்த மருந்து வெளியிலேர்ந்து வந்துக்கிட்டே இருந்தா, உடம்பு தன் வேலைய விட்டுரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். சட்டுன்னு நிறுத்தினா நாடி விழுந்துரும். இதச் சொல்லத்தான் மொதல்ல எங்கிட்ட வாங்கன்னேன்."

வார்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அதுக்கான ஊசி எங்கிட்ட இல்ல. திருச்சிக்கு ஆள் போயிருக்கு. வர மூணு மணியாகும். டவுன்ல ரெண்டு கடையிலயும் அந்த மாத்திரை இல்ல. வந்ததெல்லாம் ஒங்க லேகியக்காரர்தான் வாங்கிட்டுப் போயிருக்கார். மூணு மணி வரைக்கும் இந்தப் பொண்ணு தாங்க மாட்டா. ஒங்க பீரோவுல எத்தன டப்பா இருக்கு?"

"டப்பாவா?" என்றேன்.

"லேகியம் இன்ஸ்பெக்டர், லேகியம். ஸ்பூனுக்கு எவ்வளவு மருந்துன்னு ஒங்க ரிப்போர்ட்ல இருக்கில்ல? ரெண்டையும் எடுத்துட்டு ஓடி வாங்க."

பீரோவில் இருந்தது வழக்குச் சொத்து. அரக்கு முத்திரை வைத்தது. சாட்சிகள் கையெழுத்துப் போட்டது. மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் அதைத் தொட்டால் வழக்கு நாறிப்போகும், என் வேலைக்கும் ஆபத்து. முத்திரை என்பது நாம் கோர்ட்டுக்குக் கொடுக்கிற வாக்கு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானே பத்துப் பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

பல வருஷமாக இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லும்போது, 'ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, ஓடிப்போய் உடைத்துவிட்டேன்' என்றுதான் சொல்லி வந்தேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நேராக ஆபீசுக்குப் போகவில்லை. மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குப் போனேன். அவர் திருமயத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எப்போது வருவார் என்று வாசலில் நின்று வேலைக்காரரிடம் கேட்டேன், கோர்ட்டு குமாஸ்தா வீட்டைத் தேடிப் போனேன், அவர் 'எனக்கு அதிகாரமில்லை சார்' என்று சொல்வார் என்று தெரிந்தே கேட்டேன், அவர் அப்படியே சொன்னார். இப்படி அரை மணி நேரம். ஒரு காகிதம் கிடைத்தால் என் மேல் குற்றம் வராது என்பதற்காக, அந்தப் பெண்ணின் மூச்சில் அரை மணி நேரத்தை நான் செலவழித்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குமாஸ்தா வீட்டுப் படியில் இறங்கும்போதுதான் ஒன்று உறைத்தது. தமுக்குப் போட நான் யாரிடம் உத்தரவு கேட்டேன்? 'கொட்டிவிடு' என்று சொல்ல எந்த மாஜிஸ்ட்ரேட் கையெழுத்துப் போட்டார்? தப்பு செய்ய என் அதிகாரம் போதுமாக இருந்தது. அதைச் சரி செய்ய மட்டும் போதாமல் போய்விட்டதா? அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை, ஓடினேன்.

பீரோவைத் திறந்து, நானே வைத்த அரக்கை நானே சாவிக் கொத்தால் உடைத்தேன். இரண்டு டப்பா எடுத்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, லேகியத்தை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு இறக்கினார். சவரிமுத்து அந்தப் பயில்வான் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதத்தான சார் கொட்டச் சொன்னீங்க?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். ஒரு வெள்ளைத் தாளில், இன்ன தேதி இன்ன மணிக்கு, இன்ன காரணத்துக்காக, யார் உத்தரவும் இல்லாமல், என் சொந்தப் பொறுப்பில் முத்திரையை உடைத்து இரண்டு டப்பா எடுத்தேன் என்று எழுதினேன். அரை மணி நேரம் தாமதித்ததையும் எழுதினேன். டாக்டரம்மாவிடமும் சவரிமுத்துவிடமும் கையெழுத்து வாங்கினேன். இதை மட்டும் நான் உங்களுக்குக் கட்டளையாகவே சொல்கிறேன்: விதியை மீறினால், மீறிய அதே இடத்தில் உட்கார்ந்து, மை காய்வதற்குள் எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் அதில் பாதி உங்கள் வக்கீல் எழுதியதாக இருக்கும்.

பன்னிரண்டரை மணி வாக்கில் நாடி கொஞ்சம் நிலைக்கு வந்தது. இரண்டேகாலுக்கு ஆரோக்கியமேரி கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டார். மூன்றரைக்குத் திருச்சியிலிருந்து ஊசி வந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இங்க என்ன ஒக்காந்திருக்கீங்க? ஊர்ல இன்னும் எத்தன பேரு கொட்டியிருக்காங்களோ, போங்க," என்று விரட்டினார்.

நான்கு மணி பஸ்ஸில் இலுப்பூர் போனேன். தமுக்கடிப்பவரைக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொன்னதும் அவர் தமுக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சார் வெளையாடுறீங்களா? திங்கக்கெழம நிறுத்துன்னேன். இன்னிக்கு நிறுத்தாதங்கவா? எங்க அப்பன் காலத்துலேர்ந்து இந்தத் தமுக்குல சொன்ன சொல்லு மாறுனதில்ல. சனங்க என்னையத்தான் வையும்."

அவர் சொன்னது நியாயம். "நீங்க அடிங்க. நான் சொல்றேன்," என்றேன்.

அப்படித்தான் நடந்தது. அவர் தமுக்கடித்தார், கூட்டம் கூடியது, நான் என் வாயால் கத்தினேன். திங்கட்கிழமை நான் சொன்னது தப்பு, தப்பு என்னுடையது, லேகியம் சாப்பிட்டவர்கள் யாரும் திடீரென்று நிறுத்தக் கூடாது, டப்பா இருந்தால் எடுத்துக்கொண்டு, இல்லாவிட்டால் வெறுங்கையோடு, நாளைக் காலையில் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுப்பார். முதல் முச்சந்தியில் குரல் நடுங்கியது. நான்காவது முச்சந்திக்குப் போகும்போது பழகிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்வதும் மற்ற வேலை போலத்தான், முதல் தடவைதான் கஷ்டம்.

மண்டிக்காரர் கடை வாசலில் நின்று சிரித்தார். குத்துக்கல் மாதிரி இருந்தார். "நான் எங்க சார் நிறுத்துனேன்? பரண்ல மூணு டப்பா பதுக்கி வச்சிருக்கேன்," என்றார். கண்டக்டரும் நிறுத்தவில்லை என்று தெரிந்தது. என் பேச்சைத் துச்சமாக நினைத்தவர்கள் எல்லாம் நடமாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது, ஐம்பது பேர் வந்து நின்றார்கள். அதில் இரண்டு பேரைத் தாங்கிப் பிடித்துத்தான் கொண்டுவந்தார்கள். இரண்டு பேருமே தமுக்கைக் கேட்டுக் கொட்டியவர்கள்.

வழக்கு ஒன்றரை வருஷம் நடந்தது. லேகியக்காரருக்காக ஆஜரானவர் கெட்டிக்கார வக்கீல். அவர் கட்சி ஒன்றே ஒன்று: இது மருந்தே இல்லை, வெறும் சத்து, ஆகையால் இந்தச் சட்டம் செல்லாது. ஆய்வகத்து ரிப்போர்ட்டையும் அங்கங்கே பிய்த்துப் போட்டார். என் வெள்ளைத் தாள் அவர் கைக்குப் போனதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"கேடு என்று ஊர் முழுக்கத் தமுக்கடித்த அதே லேகியத்தை, நீங்களே முத்திரையை உடைத்து ஒரு பெண்மணிக்குக் கொடுக்க வைத்தீர்களா?"

"ஆமாம்."

"அவர் பிழைத்தாரா?"

"பிழைத்தார்."

வக்கீல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஆக, சாகக் கிடந்த ஒருவரை என் கட்சிக்காரரின் லேகியம் காப்பாற்றியிருக்கிறது. அப்பேர்ப்பட்ட உயிர் காக்கும் மருந்தை..."

அங்கே நிறுத்தினார். தான் சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்துவிட்டது. மாஜிஸ்ட்ரேட் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். நான் அந்தச் சந்தர்ப்பத்தை விடுவேனா?

"ஆமாம், மருந்துதான். ஒன்றரை வருஷமாக நானும் அதைத்தான் சொல்கிறேன். இதில் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் மட்டும் இருந்திருந்தால், அன்றைக்கு அந்த டீச்சர் செத்திருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த அம்மாவின் நாடி சொன்னது. அதற்கு மேல் ரிப்போர்ட் வேண்டுமா?"

தண்டனை கிடைத்தது. நான் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை, ஆனாலும் கிடைத்தது. செப்பு அண்டா இரண்டும் பறிமுதலாகிப் போயின. எனக்கும் கிடைத்தது, முத்திரையை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் சர்வீஸில் வாங்கிய மெமோக்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

வழக்கு முடிந்து சில மாதம் கழித்து இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். குடை பிடித்த ஒல்லியான அம்மா ஒருவர் வந்து கும்பிட்டார். கன்ன எலும்பு தெரிகிற நீள முகம், பெரிய கண்கள். ஏதோ கடையைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, என்ன விஷயம் என்று கேட்டேன்.

"என்னையத் தெரியலையா சார்? ஆரோக்கியமேரி."

எத்தனையோ தடவை பார்த்த ஆள். கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த ஆள். ஆனால் அவருடைய சொந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். 'நல்லா இருக்கீங்களா' என்று ஏதோ உளறினேன்.

"இருக்கேன் சார். டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சு ஆறு மாசத்துல நிறுத்திட்டாங்க. இழுப்பு திரும்ப வந்துருச்சு, அது இருக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டாங்க. ஸ்கூல்ல மறுபடியும் ஈர்க்குச்சி டீச்சர்தான்." சிரித்தார். சிரிக்கும்போது லேசாக மூச்சு வாங்கியது.

எனக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு ஊர்ல பாதிப் பேரு நான் சொன்னதக் கேக்கல. நீங்க ஏன்ம்மா உடனே கொட்டுனீங்க?"

இப்படி ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார்.

"நான் டீச்சரில்ல சார்? பிள்ளைங்க முன்னால நின்னு கேட்டேன். கவர்ன்மெண்ட்டு சொன்னா நம்ம நல்லதுக்குத்தானே இருக்கும்? முந்துன வாரந்தான் ரெண்டு டப்பா புதுசா வாங்கி வச்சிருந்தேன். அன்னிக்குச் சாயங்காலமே சாக்கடையில கொட்டிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவையும் கொட்ட வச்சேன்."

என் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறினேன். அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு, வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னார்:

"இப்பவும் நீங்க சொன்னாக் கேப்போம் சார்."

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். எத்தனையோ அறிவிப்பு எழுதினேன். ஒவ்வொரு தடவையும் எழுதி முடித்த பிறகு, பள்ளிக்கூட வாசலில் நின்று அதை முழுவதும் கேட்கப்போகிற ஒரு டீச்சரை நினைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படித்துப் பார்ப்பேன்.